கரைக்கு எதிர்ப்பக்கத்தை விட்டுவையுங்கள்

அம்பத்தூர், ஆவடி, பூவிருந்தவல்லி வட்டாரத்துக் குடியிருப்போர் நலச் சங்கத் தலைவர்களுக்கும் செயலாளர்களுக்கும், மாதக் கூட்டத்துக்கு வந்து பின்வரிசையில் உட்காரும் எல்லோருக்கும்,



பங்குனி வெயில் ஏறத் தொடங்கியதுமே உங்கள் சங்கங்களின் வாட்ஸ்அப் குழுக்களில் மண்சட்டிப் படங்கள் வந்துவிட்டன. மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவரில் தண்ணீர், பக்கத்திலேயே ஒரு கைப்பிடி அரிசி அல்லது கம்பு. சிலர் நெற்கதிர்க் கொத்து வாங்கிப் பால்கனியில் கட்டியிருக்கிறீர்கள். காக்கைக்கு ஒரு பிடி வைத்துவிட்டுச் சாப்பிட உட்காரும் வழக்கத்தை அடுக்குமாடிக்கு வந்த பிறகும் விடாதவர்கள் உங்களில் நிறையப் பேர். மனதாரப் பாராட்டுகிறேன். ஆனால் அந்தச் சட்டியோடு பறவைகளுக்குச் செய்ய வேண்டியது முடிந்துவிட்டதென்று நீங்கள் இருந்துவிடக் கூடாது. அதற்காகத்தான் இந்த மடல்.

உங்கள் அரிசியைத் தின்பவை காக்கை, புறா, மைனா, கிளி, அணில். எல்லாம் ஆண்டு முழுக்க நம்மோடு இருப்பவை. இவற்றைத் தவிர, பல ஆயிரம் கிலோமீட்டர் பறந்து புரட்டாசி வாக்கில் வந்திறங்கி, ஐந்தாறு மாதம் உங்கள் வீட்டுக் கொல்லையிலும் உங்கள் ஊர் ஏரியிலும் தங்கி, இப்போது வடக்கே திரும்பப் போகும் பறவைகள் இருக்கின்றன. அவற்றில் ஏறக்குறைய எதுவுமே அந்த அரிசியைத் தொடாது. அவற்றுக்கான சாப்பாடு வேறு. அதை இத்தனை காலமும் நீங்கள்தான் போட்டுவந்தீர்கள். அது உங்களுக்கே தெரியாது. இப்போது ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். அதுவும் உங்களுக்குத் தெரியவில்லை.

கொல்லையில் கறிவேப்பிலையோ நந்தியாவட்டையோ செம்பருத்தியோ வெட்டாமல் அடர்ந்து கிடந்தால், அதற்குள்ளிருந்து காலையில் 'டக்... டக்...' என்று நாக்கைச் சொடுக்கும் சத்தம் கேட்டிருப்பீர்கள். எட்டிப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. கொஞ்ச நேரம் அசையாமல் நின்றால் மங்கிய பழுப்பில் ஒரு சிறு குருவி இலைக்கு இலை தாவுவது தெரியும். இலையின் மேல்பக்கத்தை அது பார்ப்பதேயில்லை. அடிப்பக்கமாகத் தலையைச் சாய்த்து, நரம்போரம் ஒட்டியிருக்கும் புழுவை ஊசி அலகால் கொத்தி எடுக்கும். வாலைச் சற்றே விரித்து மூடும். மறுபடி ஒரு 'டக்'. இதுதான் நாணல் கதிர்க்குருவி. எடை பத்துப் பன்னிரண்டு கிராம்தான். பின்லாந்து, ரஷ்யா தொடங்கி சைபீரியா, மத்திய ஆசியா வரைக்கும் இது கூடு கட்டும் நாடுகள். அங்கிருந்து வந்து ஒரு புதரைப் பிடித்துக்கொண்டால், பங்குனி, சித்திரை வரை அந்தப் புதருக்குள் இன்னொரு கதிர்க்குருவியை அண்டவிடாது. உங்கள் வீட்டில் பத்து ஆண்டாகக் கறிவேப்பிலை நிற்கிறதென்றால், உங்களுக்குத் தெரியாமலே பத்துக் குளிர்காலம் அதற்கு நீங்கள் சோறு போட்டிருக்கிறீர்கள்.

அது மட்டுமா? கேபிள் கம்பியில் தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தபடி கரகரத்த குரலில் கத்தும் பழுப்புக் கீச்சான் உண்டு. வேப்பமரத்து நிழலில் ஒரே கிளைக்குத் திரும்பத் திரும்ப வந்து உட்காரும் பழுப்பு ஈப்பிடிப்பான் உண்டு. தண்ணீர் கசியும் மொட்டை மாடியில் வாலை ஆட்டி ஆட்டி நடக்கும் வாலாட்டி உண்டு. ஐப்பசியில் ஒருநாள் காலை உங்கள் வாசலிலோ கார் நிறுத்துமிடத்திலோ, பச்சையும் நீலமும் அடிவயிற்றில் சிவப்புமாக ஒரு பறவை சோர்ந்து கிடந்ததைப் படம் எடுத்து, "இது என்ன பறவை?" என்று குழுவில் கேட்டிருப்பீர்கள். அது ஆறுமணிக்குருவி. இமயமலை அடிவாரத்திலும் நடு இந்தியக் காடுகளிலும் கூடு கட்டிவிட்டு, குளிர்காலத்துக்குத் தென்னிந்தியாவுக்கும் இலங்கைக்கும் வருவது. இரவில் பறக்கும். விடியும்போது களைத்து இறங்குகிற இடம் மரமாக இல்லாமல் கண்ணாடிச் சுவராக இருந்தால் மோதி விழும்.

குளிர்நாடுகளில் வசந்தத்தில் வலசைப் பறவைகள் திரும்பி வருவதைக் கொண்டாட்டமாகவே வைத்திருக்கிறார்கள். தோட்டத்தில் தீனித் தட்டுத் தொங்கவிட்டு, முதல் குருவி வந்த தேதியைக் குறித்துவைக்கும் குடும்பங்கள் அங்கே ஏராளம். அமெரிக்காவில் 1998-இல் தொடங்கிய கொல்லைப்புறப் பறவைகள் கணக்கெடுப்பு இன்று உலகம் முழுக்க பிப்ரவரியில் நடக்கிறது. இந்தியாவும் 2013-இலிருந்து சேர்ந்துகொண்டது. நம் தமிழ்நாட்டிலேயே பொங்கல் விடுமுறையில் தனியாக ஒரு கணக்கெடுப்பு நடக்கிறது. இதையெல்லாம் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. வைகாசியில் ஒரு ரஷ்யக் கிராமத்தில் அந்தக் கதிர்க்குருவி பாடுவதைக் கேட்டு ஒருவர் மகிழ வேண்டுமானால், இந்தப் பங்குனியில் அது அம்பத்தூரில் வயிறாரத் தின்றிருக்க வேண்டும். புறப்படும் முன் சேர்த்துக்கொள்ளும் கொழுப்புதான் அதற்குக் கட்டுச்சோறு. அது போதவில்லையென்றால் வழியிலேயே விழும். விழுந்ததை யாரும் பார்க்கப்போவதில்லை. அடுத்த புரட்டாசியில் உங்கள் கறிவேப்பிலையில் சத்தம் இருக்காது, அவ்வளவுதான்.

இனி என் மனக்குறையைச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் பகுதியில் ஒரு சங்கக் கூட்டம். மழை முடிந்து முருங்கையில் கம்பளிப்பூச்சி மொய்த்த சமயம். அரிப்பு, தடிப்பு, குழந்தைகள் விளையாட முடியவில்லை என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். சொன்னதில் பொய் ஒன்றுமில்லை. மரத்தை வெட்டுவது என்று பத்தே நிமிடத்தில் முடிவாகியது. வெட்டவும் வெட்டினார்கள். மற்ற பறவைகள் தொடத் தயங்கும் மயிர் அடர்ந்த அந்தப் புழுவைத் தேடித் தின்னும் கூட்டம் ஒன்று உண்டென்றால் அது குயிலினம். சுடலைக்குயிலும் அதன் உறவுக் குயில்களும் நம் பக்கம் வந்துபோகும் மாதங்களில் கம்பளிப்பூச்சி மொய்த்த மரம் அவற்றுக்குக் கிடைத்தற்கரிய இடம். பூச்சி அடையும் கிளையை மட்டும் கழித்திருக்கலாம். தண்டில் மொய்த்ததை மட்டும் இறக்கியிருக்கலாம். மரமே போனது. போன இடத்தில் சிமென்ட் போட்டு கார் நிறுத்துகிறார்கள். அதே சங்கம் அந்த ஆண்டு கோடையில் பறவைகளுக்குத் தண்ணீர் வைக்கச் சொல்லித் துண்டறிக்கை கொடுத்தது. அந்த நல்ல எண்ணத்தை நான் சந்தேகிக்கவில்லை. கொடுக்கிற கைக்கு எதைக் கொடுப்பது என்று தெரியாமல் போனதுதான் என் வருத்தம்.

வீட்டுக் கொல்லையாவது உங்கள் கையில் இருக்கிறது. இன்று நினைத்தால் நாளைக்கே ஒரு மூலையைப் புதராக விட்டுவிடலாம். என் பெரிய கவலை ஏரியைப் பற்றியது. நம் பகுதிக்கு வரும் பறவைகளில் பெருங்கூட்டத்துக்குச் சாப்பாடு போடுவது வீடுகளல்ல, ஏரிகள்தான்.

ஏரி எப்படி வேலை செய்கிறது என்பதை உங்கள் தாத்தாவிடம் கேட்டிருந்தால் ஒரு நிமிடத்தில் சொல்லியிருப்பார். ஒரு பக்கம் உயர்ந்த கரை. அங்கேதான் மதகும் ஆழமும். நம் நிலம் கிழக்கே கடலைப் பார்த்துச் சரிவதால் கரை பெரும்பாலும் கிழக்கில் இருக்கும். அதற்கு எதிர்ப்பக்கம் கரையே கிடையாது. நிலம் மெல்ல மெல்லத் தாழ்ந்து தண்ணீருக்குள் போகும். ஐப்பசி, கார்த்திகை மழையில் அந்தப் பக்கம் முழங்கால் அளவு நீர் பரவும். தையிலிருந்து வற்றத் தொடங்கும். தண்ணீர் நாளுக்கு நாள் பின்வாங்க, புதுச் சேறு வெளியே வரும். சேற்றுக்குள் புழு, நத்தை, பூச்சி முட்டை, கோரைக் கிழங்கு, புல் விதை. அங்கேதான் பறவை நிற்கும்.

கொசு உள்ளானை எடுத்துக்கொள்ளுங்கள். ஏறக்குறைய நம் சிட்டுக்குருவி அளவுதான். ஆர்க்டிக் துருவப் புல்வெளியில் முட்டையிடுவது. அதன் கால் இரண்டு விரற்கடை உயரம் இருந்தால் அதிகம். ஈரச் சேற்றிலும் அரையங்குல நீரிலும்தான் அது மேய முடியும். பொரி உள்ளானுக்கு இன்னும் கொஞ்சம் ஆழம் ஆகும். கருவால் மூக்கன் கணுக்கால் அளவு நீரில் நின்று நீண்ட அலகைச் சேற்றில் இறக்கித் துழாவும். நீலச்சிறகி, ஊசிவால் வாத்து, தட்டைவாயன் மூன்றும் முங்கிப் போகாத வாத்துகள். தலையைக் கவிழ்த்து, கழுத்து எட்டும் ஆழத்தில் இருப்பதைத்தான் தின்னும். பத்தடி ஆழத்தில் தெளிந்த தண்ணீர் நின்றால் பார்க்க அழகாக இருக்கும். இந்தப் பறவைகளில் ஒன்றுக்கும் அங்கே ஒரு வாய் சாப்பாடு கிடைக்காது.

மாசியிலும் பங்குனியிலும் போய்ப் பாருங்கள். இறகு புதிதாக முளைத்து நிறம் ஏறியிருக்கும். மஞ்சள் வாலாட்டி உண்மையிலேயே மஞ்சளாகியிருக்கும். கருவால் மூக்கனின் மார்பில் செம்பழுப்பு படர்ந்திருக்கும். தொலைதூரம் போகும் கரையோரப் பறவைகள் பல, புறப்படும் முன் சில வாரங்களில் தங்கள் எடையில் பாதிக்கு மேல் கூட்டிக்கொள்பவை. அந்தச் சில வாரங்களும் அந்தச் சேறும் ஒத்துப்போக வேண்டும். நம் ஏரிகளில் அது இயல்பாகவே ஒத்துப்போகிறது. தண்ணீர் வற்றும் காலமும் பறவை புறப்படும் காலமும் ஒன்றுதான்.

இப்போது உங்களிடமே கேட்கிறேன். அந்த எதிர்ப்பக்கத்தில் என்ன நடந்திருக்கிறது?

ஆண்டில் எட்டு மாதம் காய்ந்து கிடந்ததால் அது 'சும்மா கிடக்கிற நிலம்' ஆனது. மனையாகப் பிரிந்தது. நகர் என்று பெயர் வைத்தார்கள். இந்த மடலைப் படிப்பவர்களில் சிலரின் வீடே அங்கேதான் இருக்கும். அதற்காக உங்களை நான் குற்றவாளியாக்கவில்லை. வாழ்நாள் சேமிப்பைக் கொடுத்து, பத்திரம் பார்த்து வாங்கியவர்கள் நீங்கள். ஆனால் 2015 டிசம்பரில் தண்ணீர் முதலில் யார் வீட்டுக்குள் வந்தது என்பதை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். செம்பரம்பாக்கத்திலிருந்து விநாடிக்கு 29,000 கனஅடி திறந்தது அடையாற்றங்கரைக் கதை. அம்பத்தூர் ஏரி நிரம்பினால் கொரட்டூருக்கு, கொரட்டூர் நிரம்பினால் ரெட்டேரிக்கு என்று போகும் தண்ணீர், வழியில் பரந்து நிற்க இடமில்லாமல் தெருவில் நின்றது நம் கதை. நான்கே ஆண்டில், 2019 கோடையில், 3,645 மில்லியன் கனஅடி கொள்ளும் அதே செம்பரம்பாக்கம் வெடித்த தரையாகக் கிடந்தது. லாரித் தண்ணீருக்கு நீங்கள் குடத்தோடு நின்றீர்கள். உள்ளான் நிற்கும் அந்த ஆழமற்ற பக்கம்தான் மழையில் வெள்ளத்தை வாங்கிக்கொண்டு, கோடைக்கு உங்கள் ஆழ்துளைக் கிணற்றுக்குள் இறக்கும் பக்கம். பறவைக்காகக் கேட்பதாகத் தோன்றினாலும், உங்களுக்காகவும்தான் கேட்கிறேன்.

மிச்சமிருப்பதற்கும் இப்போது ஆபத்து. நல்லெண்ணத்தின் பெயரிலேயே அது வருகிறது. ஆவடி பருத்திப்பட்டு ஏரி கழிவுநீர்க் குட்டையாகக் கிடந்தது உங்களுக்கு நினைவிருக்கும். சுமார் 87 ஏக்கர் ஏரியைச் சீரமைத்து, நடைபாதையும் பூங்காவும் போட்டு 2019-இல் திறந்தார்கள். மூக்கைப் பிடித்துக்கொண்டு போன இடத்தில் இன்று குடும்பத்தோடு நடக்கிறோம். அதை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அதைப் பார்த்த பிறகு, "எங்கள் ஏரிக்கும் அதே மாதிரி சுற்றிலும் நடைபாதை, சுற்றிலும் விளக்கு, படகு" என்று உங்களில் பலர் மனு எழுதுவதைக் கேட்கிறேன். அந்தச் 'சுற்றிலும்' என்பதில்தான் எனக்கு அச்சம். நான்கு பக்கமும் கரை எழுப்பி, நான்கு பக்கமும் கல் பதித்து, உள்ளே ஒரே ஆழமாகத் தோண்டினால் அது தொட்டி. ஏரிக்கு உரிய எதிர்ப்பக்கம் அதற்கு இருக்காது. வற்றும்போது சேறும் வெளிப்படாது, சரிவும் இருக்காது. இரவு முழுக்க எரியும் விளக்குகள் இரவில் பறந்து வரும் பறவைகளைத் திசை தடுமாறச் செய்யும். பிறகு அந்த நடைபாதையில் நடந்தபடியே நீங்கள் கேட்பீர்கள்: "முன்னெல்லாம் எவ்வளவு கொக்கும் வாத்தும் வரும், இப்போது ஏன் வருவதில்லை?"

வருவது குறைகிறது என்பது என் கற்பனை அல்ல. நாடு முழுக்கப் பறவை பார்ப்பவர்கள் தந்த பதிவுகளைத் திரட்டி 2023-இல் வெளியான இந்தியப் பறவைகள் நிலை அறிக்கை, நீண்டகாலப் போக்கைக் கணிக்க முடிந்த 338 இனங்களில் 204 இனங்கள் குறைந்திருப்பதாகச் சொல்கிறது. வலசை வரும் கரையோரப் பறவைகளும் வாத்துகளும் அதிகம் அடிபட்டவற்றில் சேர்ந்தவை.

உங்கள் ஆட்சேபங்களை நான் அறிவேன். புதரும் சேறும் இருந்தால் கொசு வரும் என்பீர்கள். வீட்டுக்குள் கடிக்கும் கொசுவில் பெரும்பங்கு, மூடாத சாக்கடையிலும் கழிவுநீர் தேங்கிய கால்வாயிலும் முட்டையிடுவது. டெங்குக் கொசு நம் மாடித் தொட்டியிலும் பூந்தொட்டித் தட்டிலும் உற்பத்தியாவது. நீங்கள் வைக்கும் அந்த மண்சட்டியிலும் உற்பத்தியாகும், தினமும் தேய்த்துக் கழுவித் தண்ணீர் மாற்றாவிட்டால். மீனும் தட்டானும் இருக்கும் ஏரியில் கொசுப் புழுவுக்குப் பிழைப்பு கடினம். கழிவுநீர் விட்ட ஏரிதான் கொசுவுக்குச் சொர்க்கம். கொரட்டூரில் மழைநீர்க் கால்வாய் வழியே ஏரிக்குள் கழிவு வருவதை எதிர்த்து, உங்களைப் போன்ற குடியிருப்புவாசிகள்தான் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் வரை போனார்கள். பாம்பு வரும், இரவில் குடிப்பவர்கள் வருவார்கள் என்ற பயமும் நியாயமே, குறிப்பாக விடியற்காலையில் தனியாக நடக்கும் பெண்களுக்கு. அதனால்தான் நடைபாதையே வேண்டாமென்று நான் சொல்லவில்லை. கரைமேல் நடங்கள். கரைமேல் விளக்குப் போடுங்கள், பாதுகாப்புக் கேளுங்கள். நானும் கூடக் கையெழுத்துப் போடுகிறேன்.

இதெல்லாம் நம்மால் ஆகாத காரியமுமல்ல. வேடந்தாங்கல்காரர்கள் நம் பழைய செங்கல்பட்டுச் சீமைக்காரர்கள்தான். வெள்ளைக்காரச் சிப்பாய்கள் பறவைகளைச் சுட்டபோது, எச்சம் கலந்த ஏரித்தண்ணீர் தங்கள் வயலுக்கு உரம் என்று கலெக்டர் லயனல் பிளேஸிடம் முறையிட்டு, 1798-இல் எழுத்தாகவே உரிமை வாங்கினார்கள். சிவகங்கைப் பக்கம் வேட்டங்குடியில், கொள்ளுகுடிப்பட்டி மக்கள் பறவைகள் மிரளும் என்று தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. அந்த ஊர்க் குழந்தைகளுக்கும் வெடி மேல் ஆசை இருக்காதா? அவர்கள் விட்டுக்கொடுத்ததை நினைத்தால், நான் உங்களிடம் கேட்பது கொஞ்சம்தான்.

வீட்டில் உங்களால் ஆனது இது: கொல்லையில் ஒரு மூலையைக் கவாத்துப் பண்ணாமல், மருந்தடிக்காமல் விடுங்கள். முருங்கை, கறிவேப்பிலை, அத்தி, நாவல் என்று எது நின்றாலும் வெட்டும் முன் ஒரு பருவம் பொறுங்கள். சட்டியில் தண்ணீர் இரண்டு அங்குலத்துக்கு மேல் வேண்டாம், நடுவில் ஒரு கல் போதும்.

சங்கமாக நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று. அடுத்த மழைக்கு முன், ஆடி மாதத்துக்குள் வரும் ஏதாவது ஒரு மாதக் கூட்டத்தில், கீழே உள்ளதைத் தீர்மானமாக நிறைவேற்றி நீர்வளத்துறைக்கும், மாநில ஈரநில ஆணையத்துக்கும், அவரவர் பகுதிக்கேற்ப ஆவடி மாநகராட்சி ஆணையர், பூவிருந்தவல்லி நகராட்சி ஆணையர் அல்லது சென்னை மாநகராட்சி அம்பத்தூர் மண்டல அலுவலருக்கும் அனுப்புங்கள். சொற்களை உங்கள் விருப்பப்படி மாற்றிக்கொள்ளலாம்:

"எங்கள் ஏரியைச் சீரமைக்கும்போது கழிவுநீர் வரத்தை முதலில் அடைக்க வேண்டும். நடைபாதை, விளக்கு, படகுத்துறை அனைத்தும் கரைப்பக்கத்தோடு நிற்க வேண்டும். கரைக்கு எதிர்ப்பக்கத்தில் ஏரியின் எல்லையை அளந்து கல் நட்டு, அந்தச் சரிவைத் தோண்டாமலும் நிரப்பாமலும் கல் பதிக்காமலும் இப்போது உள்ளபடியே விட வேண்டும். புரட்டாசி முதல் சித்திரை வரை அந்தப் பக்கத்தில் எந்தப் பணியும் நடக்கக் கூடாது என்று இச்சங்கம் கேட்டுக்கொள்கிறது."

இப்படிக்கு,
உங்களில் ஒருவன்